எரிசக்தி நிறுவனம் நிதி தர வந்தால்: பல்கலைக்கழகத் துறை ஒன்றின் கேள்விக்கு விரிவான பதில்

ஒரு பெரிய எரிசக்தி நிறுவனம், சூரிய மின்சாரம், மின்சேமிப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக உங்கள் துறைக்கு ஐந்தாண்டு நிதி தர முன்வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர்களில் பாதிப் பேர் அதை வரம் என்கிறார்கள். மீதிப் பேர் பல்கலைக்கழகத்தின் பெயரை விளம்பரத்துக்கு விற்பது என்கிறார்கள். இப்படிப்பட்ட கூட்டு முயற்சிகளால் உண்மையில் ஏதாவது விளைந்திருக்கிறதா, ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பவை உங்கள் இரண்டு கேள்விகள்.

விளைந்திருக்கிறது. ஆனால் பல நேரங்களில், ஒப்பந்தத்தில் எழுதிவைத்த இடத்தில் விளையவில்லை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மார்ட்டின் கிரீன் தலைமையிலான குழு 1989-இல் 22.8 சதவீதத் திறன் கொண்ட 'பெர்க்' வகை சூரிய மின்கலத்தை வெளியிட்டது. கலத்தின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய படலத்தைப் படியவைத்து, அங்கே வீணாகிக்கொண்டிருந்த மின்னூட்டத்தையும் ஒளியையும் மீட்பதுதான் அதன் சூட்சுமம். 1995-இல் அந்த மாநில அரசின் மின் உற்பத்தி நிறுவனமான பசிபிக் பவர், பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து பசிபிக் சோலார் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனம் சூரியனை நோக்கித் திரும்பிய தருணம் அது. ஆனால் அது பணம் போட்டது பெர்க் கலத்தில் அல்ல. கண்ணாடியின் மேல் மிக மெல்லிய சிலிக்கான் படலத்தை வளர்த்து, விலையுயர்ந்த சிலிக்கானின் அளவைக் குறைக்கும் வேறொரு வழியில் போட்டது. அந்தத் தொழில்நுட்பம் பிறகு கைமாறி ஜெர்மனியில் ஆலையாகவும் எழுந்தது. ஆனால் வழக்கமான சிலிக்கான் தகடுகளின் விலை சரிந்த வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை; நின்றுபோனது.

ஒப்பந்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது தோல்வி. ஆனால் பசிபிக் சோலாரில் வேலை பார்த்தவர்களில் ஒருவர், கிரீனிடம் முனைவர் பட்டம் பெற்ற ஷி செங்ரோங். 2001-இல் அவர் சீனாவின் வூஷி நகருக்குப் போய் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். 2005-இல் அது நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய சூரியத் தகடு உற்பத்தியாளர்களில் ஒன்றானது. 2013-இல் கடனில் விழுந்தது என்பதும் உண்மை. ஆனாலும் அந்த ஆய்வகத்தில் பயின்றவர்கள் வழியாகச் சீனத் தொழிற்சாலைகளுக்குள் போன அறிவு அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் தாளிலும் ஆய்வகத்திலும் கிடந்த பெர்க் கலம், 2020 வாக்கில் உலகச் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்தது. பசிபிக் பவர் கொடுத்த பணத்தில் கடைசிவரை நிலைத்தது கண்ணாடி மேல் வளர்த்த அந்தச் சிலிக்கான் படலம் இல்லை. பயிற்சி பெற்ற மனிதர்கள்.

ஆகவே, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வாசகத்தையும் படிக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி: இதில் வேலை செய்யும் மாணவர் என்னவாக வெளியே வருவார்? கருவியும் காப்புரிமையும் அதற்கு அடுத்தவை.

இரண்டாவது, பணத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணம். நிறுவனம் தரக்கூடியதில் மிக மலிவானது பணம்தான். அரசு நிதியும் பணம் தரும், அறக்கட்டளையும் தரும். வேறு யாராலும் தர முடியாத ஒன்று நிறுவனத்திடம் இருக்கிறது: களம். ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலை, பத்தாண்டுகள் வெயிலில் கிடந்த தகடுகள், நொடிக்கு நொடி பதிவான மின்கட்டமைப்புத் தரவு, ஏன் பழுதானது என்று புரியாமல் மூலையில் அடுக்கிவைத்திருக்கும் இன்வெர்ட்டர்கள். ஆய்வகத்தில் எத்தனை கோடி கொட்டினாலும் பத்தாண்டு வெயிலை விலைக்கு வாங்க முடியாது.

களம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு, ஐரோப்பாவின் 'பைசா' திட்டம். கடல் காற்றாலைகளில் பெரும்பாலானவை ஒற்றை எஃகுக் குழாயின் மேல் நிற்கின்றன. பல மீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாயைக் கடலடியில் அடித்து இறக்குவார்கள். அது எவ்வளவு ஆழம் போக வேண்டும், சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று கணக்கிடப் பொறியாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய முறை, எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்காகப் பிறந்தது. அந்த மேடைகளின் தூண்கள் ஒல்லியானவை, நீளமானவை. பக்கவாட்டில் தள்ளினால் கம்பு போல வளையும். காற்றாலையின் தூணோ குட்டையானது, பருத்தது. தள்ளினால் வளைவதைவிட, மண்ணுக்குள் மொத்தமாகச் சாயவே பார்க்கும். அப்போது அடிப்பகுதியும் சுவரோரத்து உராய்வும் சேர்ந்து எதிர்த்து நிற்கும். பழைய கணக்கு இவற்றைக் கண்டுகொள்வதில்லை. விளைவு, தேவைக்கு மேல் எஃகு. ஒரு தூணுக்கே நூற்றுக்கணக்கான டன் எஃகு போகும் தொழிலில், ஒரு காற்றாலைப் பண்ணையில் நூறு தூண்கள் நிற்கும்போது, அந்த மிகை எவ்வளவு பெரிய செலவு என்று யோசித்துப் பாருங்கள்.

இது எல்லா நிறுவனங்களுக்கும் தெரிந்த சிக்கல். தனியாகத் தீர்க்க எவருக்கும் துணிவில்லை; தனியாகத் தீர்த்தாலும் சான்றளிக்கும் அமைப்புகள் ஏற்க வேண்டுமே. அப்போது டாங் எனர்ஜி என்ற பெயரில் இருந்த, டென்மார்க்கின் இன்றைய ஓர்ஸ்டெட் நிறுவனம் முன்னின்றது. போட்டியாளர்களான பல நிறுவனங்கள் பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பின் கூட்டுத் திட்டத்தின் கீழ் பணத்தைப் பொதுவில் போட்டன. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், லண்டன் இம்பீரியல் கல்லூரி, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி மூன்றும் ஆய்வை ஏற்றன. இங்கிலாந்தின் கவுடனில் இறுகிய களிமண்ணிலும், பிரான்சின் டன்கர்க்கில் அடர்ந்த மணலிலும் 2 மீட்டர் விட்டம் வரையுள்ள தூண்களை அடித்து, இழுத்து, தள்ளிப் பார்த்தார்கள். கணினிக் கணக்கும் களமும் ஒத்துப்போகும் வரை விடவில்லை. புதிய வடிவமைப்பு முறை பிறந்தது. அதை நிலப்பொறியியல் ஆய்விதழில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். நிதி கொடுக்காதவர்களும் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன. கேள்வி தொழிலிலிருந்து வந்தது. ஆனால் விடை இதுதான் என்று யாரும் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. ஒரே நிறுவனத்தின் கையில் குடுமி இல்லை. வெளியிட்டால்தான் நிறுவனங்களுக்கே பயன் என்ற நிலை இருந்தது. ஏனென்றால் வெளியிடாத முறையை எந்தச் சான்றாளரும் ஏற்கமாட்டார். உங்கள் துறைக்கு வந்திருக்கும் திட்டத்தில் இந்த மூன்றாவது அம்சத்தைத் தேடிப் பாருங்கள். முடிவு வெளிவருவதால் நிறுவனத்துக்கும் லாபம் என்ற கேள்வியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஒப்பந்தச் சண்டையில் பாதி குறைந்துவிடும். தகடுகளின் தேய்மானத்தை அளக்கும் பொதுமுறை, மின்கலத் தீ விபத்துப் பாதுகாப்பு, மின்கட்டமைப்பின் நிலைத்தன்மை போன்றவை அப்படிப்பட்ட கேள்விகள்.

மின்சேமிப்பு உங்கள் திட்டத்தில் இருப்பதால் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். இதில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கின்றன. லித்தியம் மின்கலத்தின் கோபால்ட் ஆக்சைடு மின்முனையை 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழு கண்டுபிடித்தபோது, பல்கலைக்கழகம் காப்புரிமைக்குச் செலவழிக்க முன்வரவில்லை. உரிமை ஹார்வெல்லில் இருந்த அரசு அணுசக்தி ஆய்வு நிலையத்துக்குப் போனது. 1991-இல் சோனி லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குட்இனஃபுக்கு உரிமத்தொகையாக எதுவும் வரவில்லை. 2019-இல் நோபல் பரிசில் பங்கு வந்தது.

அவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, 1990-களின் நடுவில், இரும்பு பாஸ்பேட் மின்முனை அங்கே உருவானது. மலிவானது, எளிதில் தீப்பிடிக்காதது. இன்று மின்கட்டமைப்புச் சேமிப்பில் அதுதான் முன்னணியில் இருக்கிறது. ஆனால் பிறந்தபோது அதற்கு ஒரு பெரிய குறை இருந்தது: மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அந்தக் குறையைத் தீர்த்ததில் கனடாவின் அரசு மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்குக்கும் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய பங்கு உண்டு. துகள்களின் மேல் மெல்லிய கரிப் பூச்சு கொடுத்ததும் பொருளுக்கு உயிர் வந்தது. அணைகளில் மின்சாரம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் மின்வேதியியலில் பல்லாண்டுகள் பொறுமையாகப் பணம் போட்டதால் கிடைத்த பலன் அது. அவசரக்கார நிறுவனம் எதுவும் அதைச் செய்திருக்காது.

அதே பொருளைச் சுற்றி எழுந்த வழக்கையும் நினைவில் வையுங்கள். ஜப்பானின் தொலைத்தொடர்பு நிறுவனமான என்.டி.டி.யிலிருந்து வந்த விருந்தினர் ஆய்வாளர் ஒருவர் டெக்சாஸ் ஆய்வகத்தில் வேலை செய்தார். பிறகு அந்த நிறுவனம் ஜப்பானில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ரகசியம் மீறப்பட்டதாகப் பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது. 2008-இல் 30 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. நிறுவனத்தின் ஆள் உங்கள் ஆய்வகத்தில் மேசை போட்டு உட்காரப்போகிறார் என்றால், அவர் குறிப்பேட்டில் எழுதுவது யாருடைய சொத்து என்பதை அவர் வரும் முன்பே எழுதிவிட வேண்டும். வந்து பழகி நட்பாகிவிட்ட பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் மனம் வராது.

இப்போது உங்கள் சக ஆசிரியர்களில் எதிர்க்கும் பாதிப் பேரின் பக்கம். அவர்களை வறட்டுப் பிடிவாதக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

2007-இல் பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பிபி, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், இல்லினாய் பல்கலைக்கழகம் மூன்றுக்குமாகப் பத்தாண்டுகளில் 500 மில்லியன் டாலர் அறிவித்தது. தாவர எரிபொருள் ஆராய்ச்சிக்காக. பல்கலைக்கழகக் கட்டடத்திலேயே நிறுவனத்தின் சொந்த, ரகசிய ஆராய்ச்சிக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வளாகத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது அதனால்தான்: பொதுப் பணத்தில் எழுந்த ஆய்வகத்தில் பூட்டிய கதவு எதற்கு? அறிவியலாக நல்ல வேலை அங்கே நடந்தது, நான் மறுக்கமாட்டேன். ஆனால் கச்சா எண்ணெய் விலை சரிந்ததும், பத்தாண்டு முடியும் முன்பே நிறுவனம் கையைச் சுருக்கத் தொடங்கியது. முனைவர் பட்ட ஆய்வுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். நிறுவனத்தின் வரவுசெலவோ ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும். இந்த இரண்டு காலக் கணக்குகளும் மோதும்போது அடிபடுவது நடுவில் இருக்கும் மாணவர்.

இன்னொரு அச்சம், பணம் எழுத்தின் நிறத்தை மாற்றிவிடும் என்பது. 2022-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, பல்கலைக்கழக எரிசக்தி மையங்களின் அறிக்கைகளைக் கணினி வழியாகப் படித்துப் பார்த்தது. புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களின் நிதி பெறும் மையங்கள், மற்றவற்றைவிட இயற்கை எரிவாயுவைக் கனிவாக எழுதுகின்றன என்று கண்டது. யாரும் யாரையும் மிரட்டியிருக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதில்தான் பணம் பேசுகிறது. அதே ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எக்ஸான் மோபில் உள்ளிட்ட 90 நிறுவனங்களுடன் நிதி உறவை அறுத்துக்கொண்டது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தில், 2000-இல் பிபியின் நிதியில் தொடங்கிய கரிமக் குறைப்புத் திட்டத்திலிருந்துதான், இருக்கும் தொழில்நுட்பங்களைக் கொண்டே உமிழ்வைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டிய புகழ்பெற்ற 2004-ஆம் ஆண்டுக் கட்டுரை வந்தது. ஆகவே எண்ணெய் நிறுவனத்தின் பணம் என்றாலே நஞ்சு என்று நான் சொல்லமாட்டேன். கட்டுரையின் முடிவில் கைவைக்கும் அதிகாரம் பணத்தோடு சேர்ந்து வருகிறதா என்பதைத்தான் பார்ப்பேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சூரிய மின்நிலையம் நடத்தும் ஒரு நிறுவனத்துடன் எங்கள் குழு ஒப்பந்தம் போட்டது. தகடுகள் ஆண்டுக்கு எவ்வளவு திறன் இழக்கின்றன என்று அவர்கள் தரும் தரவிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். தரவு அருமையாக இருந்தது. என் மாணவி அதில் மூழ்கி எழுந்து, ஒரு பகுதியில் இருந்த தகடுகள் உத்தரவாதத்தில் சொன்னதைவிட வேகமாகத் தேய்வதைக் கண்டுபிடித்தார். தகட்டின் சட்டத்துக்கும் கலத்துக்கும் இடையிலான உயர் மின்னழுத்தத்தால் வரும் தேய்மானம் அது. சரியான முறையில் புவியிணைப்பு (எர்த்திங்) செய்தால் பெரிதும் தடுக்கலாம். நல்ல செய்தி என்று நாங்கள் நினைத்தோம். நிறுவனத்துக்கு அது தகடு விற்றவர்களுடனான பேரம், கடன் கொடுத்த வங்கி, பங்குதாரர் கூட்டம் என்று விரிந்தது. "நிறுவனத்தின் ஒப்புதலுக்குப் பின் வெளியிடலாம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. எத்தனை நாளுக்குள் என்று இல்லை. பதினான்கு மாதங்கள் காத்திருந்தோம். கடைசியில் அவர் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டு, ஆய்வகத்தில் செய்த சிறிய சோதனைகளை வைத்து ஆய்வேட்டை முடித்தார். அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டவர்களில் நானும் உண்டு. இன்றும் உறுத்துகிறது.

அதிலிருந்து நான் எங்கும் விட்டுக்கொடுக்காத ஒன்று: "ஒப்புதல்" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. "பார்வைக்கு அனுப்புதல்" இருக்கலாம். முப்பது நாளோ அறுபது நாளோ கொடுங்கள். அதற்குள் தங்கள் ரகசிய எண்களை நீக்கச் சொல்லலாம். காப்புரிமை விண்ணப்பம் போட வேண்டும் என்றால் இன்னும் சில வாரங்கள் கேட்கலாம். கெடு முடிந்தால் கட்டுரை வெளியே போகும். முடிவு பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. ஆய்வேட்டுக்கு இதைவிடக் கடுமையான பாதுகாப்பு வேண்டும்: எந்தச் சூழலிலும் மாணவர் தன் ஆய்வேட்டைத் தேர்வாளர்களிடம் ஒப்படைத்துப் பட்டம் பெறுவதைத் தடுக்க முடியாது என்று தனி வரியாக எழுதுங்கள்.

காப்புரிமையில் பல்கலைக்கழகங்கள் தேவைக்கு மேல் சண்டை போடுகின்றன என்பது என் கருத்து. பெரும்பாலான திட்டங்களில் காசாகும் காப்புரிமை எதுவும் பிறப்பதில்லை. இரு தரப்பும் திட்டத்துக்கு முன்பே வைத்திருந்தவை அவரவருக்கு. திட்டத்தில் பிறந்தது பல்கலைக்கழகத்துக்கு. நிறுவனத்துக்கு முதலில் உரிமம் கேட்கும் வாய்ப்பு, அதற்கும் ஒரு காலக்கெடு. கெடுவுக்குள் பயன்படுத்தாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்கலாம். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். வாங்கிப் பூட்டிவைப்பதற்காகவே உரிமம் எடுப்பவர்களும் உண்டு. எழுதத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம்: பிரிட்டனில் 2005 முதல் இருக்கும் லாம்பர்ட் மாதிரி ஒப்பந்தங்கள் இதற்கென்றே பல வடிவங்களில் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் சட்ட ஆலோசகர் அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

நான் அதிகம் சண்டை போடச் சொல்வது தரவுக்காக. என்ன தரவு, எந்த இடைவெளியில், எந்த வடிவில், எப்போதிலிருந்து என்று இணைப்பில் எழுதி வாங்குங்கள். "தேவையான தரவு வழங்கப்படும்" என்பது வெறும் காற்று. முதல் தவணைத் தரவு கைக்கு வராமல் மாணவரைச் சேர்க்காதீர்கள். திட்டம் முடிந்தபின், இடமும் பெயரும் நீக்கப்பட்ட தரவை மற்ற ஆய்வாளர்களும் சரிபார்க்கும்படி வைக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால், அந்தத் தரவை மட்டும் நம்பி ஒரு முழு ஆய்வேட்டைக் கட்டாதீர்கள்.

மேலாண்மைக் குழுவில் நிறுவனத்தாருக்கு இடம் இருக்கட்டும். அவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்குத் தேவை. எந்த முன்மொழிவு நல்லது என்று தீர்மானிக்கும் அறிவியல் மதிப்பீட்டில் மட்டும் அவர்கள் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. அங்கே இரு தரப்புக்கும் வெளியே உள்ளவர்கள் வேண்டும். வேறு நிறுவனம் ஒன்றையும் சேர்க்க முடிந்தால் சேருங்கள். நிறுவனத்துக்குள் உங்கள் திட்டத்துக்காகப் பேசும் ஒரு பொறியாளர் இருப்பார். அவர் வேலை மாறிப் போனால் பல திட்டங்கள் அநாதையாகிவிடும். இரண்டு பேரைப் பழக்கி வைத்துக்கொள்வது நல்லது. பெயர்ப்பலகை, திறப்பு விழா, புகைப்படம் ஆகியவற்றில் தாராளமாக இருங்கள், அதனால் ஆய்வு கெடுவதில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு முடிவுகளைப் பற்றி விளம்பரம் செய்வதற்கு முன் உங்கள் எழுத்து இசைவு தேவை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் மின்சேமிப்புப் பகுதியைவிடச் சூரியத் தகடு பகுதிதான் வலுவானது. ஏனென்றால் அங்கே அவர்களிடம் களம் இருக்கிறது, உங்களிடம் அளவிடும் திறன் இருக்கிறது. மின்சேமிப்பில் புதிய மின்முனைப் பொருள் கண்டுபிடிப்பதாக உறுதியளிக்காதீர்கள். ஐந்தாண்டில் அது நடக்காது, பெர்க் கலம் தொழிற்சாலைக்குப் போக எத்தனை ஆண்டுகள் ஆயின என்று மேலே சொன்னேன். மின்நிலையங்களில் நிலையாக நிறுவியிருக்கும் மின்கலங்கள் எப்படி மூப்படைகின்றன என்ற கேள்வியாக அதைச் சுருக்குங்கள். அதற்கும் அவர்களிடம் களம் உண்டு.

நான்கு ஆய்வு மாணவர்களை ஒரே நேரத்தில் சேர்க்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். முதல் ஆண்டில் இரண்டு பேர் போதும். அவர்களுடைய உதவித்தொகை முழுவதையும், பட்டம் முடியும் வரைக்கும், முதல் தவணையிலேயே தனிக் கணக்கில் போடும்படி கேளுங்கள். நிறுவனம் நடுவில் விலகினாலும் அந்தப் பணம் திரும்பப் போகாது என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் தரும் மொத்தத் தொகையில் இது சிறு பங்குதான். இதற்குச் சம்மதித்தால் மற்ற வரிகளைப் பேசித் தீர்க்கலாம். சம்மதிக்காவிட்டால், அந்த இரண்டு மாணவர்களுக்கு அரசு உதவித்தொகை கிடைக்கும் வரை கையெழுத்தைத் தள்ளிவையுங்கள்.